போபோஸைப் படம்பிடிக்க எந்தப் பாதை?

செவ்வாய்க்கு விண்கலம் அனுப்புகிறவர்கள் போபோஸ், டீமோஸ் என்ற அதன் இரண்டு சின்னத் துணைக்கோள்களையும் நன்றாகப் படம்பிடிக்க நினைத்தால், கேமராவைப் பற்றிப் பேசும் முன்பே ஒரு கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். கலம் எங்கே இருந்துகொண்டு பார்க்கப் போகிறது? செவ்வாயின் தரையை ஒட்டித் தாழப் பறந்தபடி மேலே அண்ணாந்து பார்ப்பதா? முட்டை வடிவப் பாதையில் உள்ளேயும் வெளியேயும் போய்வந்து பார்ப்பதா? ஒரே ஒருமுறை கிட்டத்தில் பாய்ந்து கடப்பதா? இல்லை, துணைக்கோளின் பக்கத்திலேயே கூடப் போவதா? இந்த நான்கில் மூன்றை ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டார்கள். நான்காவதற்கும் ஒரு கலம் தயாராகியிருக்கிறது. அதனால் வெறும் ஊகத்தில் வாதாட வேண்டியதில்லை, கிடைத்த படங்களை வைத்தே பேசலாம்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முட்டை வடிவப் பாதை. துணைக்கோள் படம் என்றதும் எல்லோரும் முதலில் கேட்பது "எவ்வளவு கிட்டப் போனது?" என்பதைத்தான். அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுத்தால் ஒரு நல்ல படமும் நிறைய ஏக்கமும்தான் மிஞ்சும். எத்தனை முறை பார்க்க முடிகிறது, எந்தெந்தப் பக்கத்தைப் பார்க்க முடிகிறது, எத்தனை விதமான வெளிச்சத்தில் பார்க்க முடிகிறது என்பவற்றைச் சேர்த்துப் பார்த்தால் கணக்கு மாறிவிடும்.

படமெடுக்க வேண்டிய பொருள்

போபோஸ் சுமார் 27 கி.மீ. நீளமும் 22 கி.மீ. அகலமும் 18 கி.மீ. தடிமனும் உள்ள கோணல்மாணலான பாறை. செவ்வாயின் தரையிலிருந்து ஏறக்குறைய 6,000 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு 7 மணி 39 நிமிடம். செவ்வாய் ஒருமுறை தன்னைத் தானே சுற்றி முடிப்பதற்குள் போபோஸ் மூன்று சுற்று முடித்துவிடும். ஓடும் வேகம் நொடிக்கு 2 கி.மீ.க்குச் சற்று மேல். டீமோஸ் இன்னும் சிறியது, 15 கி.மீ. நீளம்தான். அது வெளியே, செவ்வாயின் மையத்திலிருந்து சுமார் 23,460 கி.மீ. தூரத்தில், 30 மணி நேரத்துக்கு ஒருமுறை நிதானமாகச் சுற்றுகிறது. இரண்டையும் 1877 ஆகஸ்டில் வாஷிங்டனில் கண்டுபிடித்தவர் ஆசஃப் ஹால். அவருடைய மனைவி ஏஞ்சலின் ஸ்டிக்னியின் பெயரைத்தான் போபோஸின் மிகப்பெரிய பள்ளத்துக்கு வைத்திருக்கிறார்கள். அந்தப் பள்ளம் 9 கி.மீ. அகலம். போபோஸின் அளவோடு ஒப்பிட்டால் பயங்கரமான அடி அது.

இரண்டுமே கரிய பாறைகள். போபோஸ் தன்மேல் விழும் ஒளியில் சுமார் 7 சதவீதத்தை மட்டும்தான் திருப்பி அனுப்புகிறது. செவ்வாய் இருக்கும் தூரத்தில் சூரிய வெளிச்சமே பூமியில் கிடைப்பதில் பாதிக்கும் குறைவு. ஆக, கேமராவுக்குக் கிடைக்கும் ஒளி குறைவு, எக்ஸ்போஷரை, அதாவது கேமரா ஒளியை வாங்கும் நேரத்தை, நீட்ட வேண்டியிருக்கும். நீட்டினால் ஓடுகிற பொருள் கலங்கிப்போகும். இந்த இழுபறி எந்தப் பாதையை எடுத்தாலும் கூடவே வரும்.

இன்னொரு விஷயம் பாதையைத் தேர்வதில் எல்லாவற்றையும்விட முக்கியம். நம் நிலாவைப் போலவே இவை இரண்டும் தங்கள் கோளுக்கு எப்போதும் ஒரே முகத்தைத்தான் காட்டுகின்றன. செவ்வாயின் அருகிலேயே இருப்பவருக்கு அவற்றின் முதுகு தெரியாது. முதுகைப் பார்க்க வேண்டுமானால் துணைக்கோளின் சுற்றுப்பாதைக்கு வெளியே போயாக வேண்டும்.

கீழே இருந்து அண்ணாந்து பார்ப்பது

நாசாவின் மார்ஸ் ரிகானசன்ஸ் ஆர்பிட்டர் செவ்வாய்க்கு மேலே சுமார் 300 கி.மீ. உயரத்தில் சுற்றுகிறது. அதில் இருக்கும் ஹைரைஸ் கேமராவின் கண்ணாடி அரை மீட்டர் அகலம், செவ்வாய்த் தரையில் 30 செ.மீ. அளவுக்குத் துல்லியமாகப் பார்க்கக் கூடியது. 2008 மார்ச் 23 அன்று அந்தக் கலத்தைத் திருப்பி, கேமராவை போபோஸை நோக்கி வைத்தார்கள். முதல் படம் 6,800 கி.மீ. தூரத்திலிருந்து, ஒரு பிக்சலுக்கு 6.8 மீட்டர். பத்து நிமிடம் கழித்து 5,800 கி.மீ.யிலிருந்து இரண்டாவது படம், பிக்சலுக்கு 5.8 மீட்டர். இரண்டையும் சேர்த்து முப்பரிமாணமாகவும் பார்க்கலாம். ஸ்டிக்னியின் விளிம்பை ஒட்டிய மண் மற்ற இடங்களைவிட நீலச் சாயலாக இருப்பதை அந்த வண்ணப் படத்தில் எவரும் பார்க்கலாம். ஆறாயிரம் கி.மீ. தூரத்திலிருந்து எடுத்தது என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.

இது எப்படி முடிந்தது? ஒரு பிக்சல் எவ்வளவு சின்னக் கோணத்தைப் பார்க்கிறது என்பதில்தான் இருக்கிறது. ஹைரைஸின் ஒரு பிக்சல் ஆயிரம் கி.மீ. தூரத்தில் ஒரு மீட்டரைப் பார்க்கும். பெரிய கண்ணாடி இருந்தால் தூரத்தை ஓரளவுக்கு விலை கொடுத்து வாங்கிவிடலாம். தூரத்தில் இருப்பதில் வேறொரு லாபமும் உண்டு: பொருள் மெதுவாக நகர்வதுபோல் தெரியும். பஸ் ஜன்னலில் பார்த்தால் சாலையோரப் புளியமரங்கள் விர்ரென்று பின்னால் ஓடும், தொலைவில் உள்ள மலை கூடவே வரும், அதே கதைதான். கலத்தை மெதுவாகத் திருப்பிக்கொண்டே வரிவரியாகப் படமெடுக்க நேரம் கிடைக்கிறது.

அப்படியானால் இதுவே போதாதா? போதாது என்பதற்கு எனக்கு இரண்டு காரணங்கள். ஒன்று, இங்கிருந்து கிடைப்பது முக்கியமாக செவ்வாயைப் பார்த்த முகம்தான். ஸ்டிக்னி அந்தப் பக்கமாக இருப்பது நம் அதிர்ஷ்டம். மறுபக்கம் இந்தக் கேமராவுக்கு எந்தக் காலத்திலும் கிடைக்காது. பாதையை மாற்றாமல் அதற்கு வழியே இல்லை. இரண்டு, தூரம் ஒருபோதும் 5,500 கி.மீ.க்குக் கீழே பெரிதாக இறங்காது. எவ்வளவு காத்திருந்தாலும் இதைவிடக் கணிசமாகத் தெளிவான படம் வரப்போவதில்லை. டீமோஸுக்கு நிலைமை இன்னும் மோசம். 2009 பிப்ரவரியில் இதே கேமரா எடுத்த டீமோஸ் படத்தில் பிக்சலுக்குச் சுமார் 20 மீட்டர்.

செலவையும் பார்க்க வேண்டும். அரை மீட்டர்க் கண்ணாடி கொண்ட கேமரா செவ்வாயின் தரைக்காகச் செய்யப்பட்டது, துணைக்கோளுக்கு அது இலவச இணைப்பு. துணைக்கோளுக்காகவே அந்த எடையைச் சுமக்க எந்தத் திட்டமும் சம்மதிக்காது. ஏற்கெனவே அப்படி ஒரு கேமரா தாழ்ந்த பாதையில் இருந்தால் தாராளமாகத் திருப்பிப் பார்க்கலாம். புதிதாகத் திட்டமிடுகிறவருக்கு இது பதில் ஆகாது.

தரையில் நிற்கும் ஊர்திகள் எடுத்த படங்களையும் இந்த வகையில் சேர்க்கலாம். 2022 ஏப்ரல் 2 அன்று போபோஸ் சூரியனுக்குக் குறுக்கே 40 நொடிக்கு மேல் கடந்துபோனதை பெர்சிவியரன்ஸ் படமெடுத்தது. பார்க்க அழகு. போபோஸின் சுற்றுப்பாதையைத் துல்லியமாகக் கணிக்கவும் உதவும். ஆனால் அதில் மேற்பரப்பு தெரியாது, கரிய உருளைக்கிழங்கு நிழல்தான் தெரியும்.

உள்ளும் வெளியும் போய்வருவது

ஐரோப்பாவின் மார்ஸ் எக்ஸ்பிரஸ் 2003 டிசம்பர் 25 அன்று செவ்வாயின் பிடிக்குள் வந்தது. ஒரு முனையில் சில நூறு கி.மீ., மறு முனையில் சுமார் 10,000 கி.மீ. உயரம் என்று துருவங்களுக்கு மேலாகப் போகும் முட்டைப் பாதை, சுற்றுக்கு ஏழு மணி நேரம். போபோஸின் பாதை இதற்கு நடுவே வருகிறது. அதனால் இந்தக் கலம் போபோஸை உள்ளிருந்தும் பார்க்கிறது, வெளியிலிருந்தும் பார்க்கிறது. இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. போபோஸின் மறுபக்கத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு இந்தக் கலம் தந்தது.

இதை நான் தேர்வதற்கான காரணங்களை அதன் படங்களின் வரலாறே சொல்கிறது. 2004 ஆகஸ்ட் 22 அன்று 200 கி.மீ.க்கும் குறைவான தூரத்தில் கடந்து, பிக்சலுக்கு 7 மீட்டர் அளவில் படமெடுத்தது. அந்த ஆண்டுப் படங்களை ஆராய்ந்தபோது போபோஸ் கணித்த இடத்தைவிடச் சுமார் 5 கி.மீ. முன்னால் ஓடிக்கொண்டிருப்பது தெரியவந்தது. 27 கி.மீ. பொருளில் 5 கி.மீ. பிழை!

இந்தப் பிழை ஏன் முக்கியம் என்று ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். மார்ஸ் எக்ஸ்பிரஸில் இரண்டு விதப் பார்வை உண்டு. ஒன்று 12 பாகைக்குக் கிட்டத்தட்ட விரிந்த, வரிவரியாக எடுக்கும் கேமரா. மற்றது அரைப் பாகை மட்டுமே பார்க்கும் நுண்பார்வைப் பகுதி, 1,024-க்கு 1,024 பிக்சல். அந்த நுண்பார்வை 200 கி.மீ. தூரத்தில் 2 கி.மீ.க்கும் குறைவான சதுரத்தைத்தான் பார்க்கும். 5 கி.மீ. பிழை இருந்தால் குறிவைத்த பள்ளம் சட்டகத்துக்கு வெளியே போய்விடும், சில சமயம் வெறும் கறுப்பு வானம்தான் பதிவாகும். அதே கண் 5,000 கி.மீ. தூரத்தில் 47 கி.மீ. அகலத்தைப் பார்க்கும். முழு போபோஸும் பின்னணியில் உள்ள நட்சத்திரமும் சேர்ந்து ஒரே சட்டகத்தில் விழும். நட்சத்திரங்களின் இடம் நமக்குத் துல்லியமாகத் தெரியும் என்பதால் அதை வைத்து போபோஸின் இடத்தைத் திருத்திக்கொள்ளலாம். திருத்திய கணக்கோடு அடுத்த முறை இன்னும் கிட்டப் போகலாம். தூரப் படங்கள் கிட்டப் படங்களுக்கு வழிகாட்டின. திரும்பத் திரும்ப வரும் பாதையில்தான் இப்படிக் கற்றுக்கொண்டே போக முடியும்.

2010 மார்ச் 3 அன்று மார்ஸ் எக்ஸ்பிரஸ் போபோஸை வெறும் 67 கி.மீ. தூரத்தில் கடந்தது. அன்றைய முக்கிய வேலை படமெடுப்பதாக இல்லை. கலத்தின் வானொலி அலையைப் பூமியில் கேட்டு, போபோஸின் ஈர்ப்பு கலத்தை எவ்வளவு இழுக்கிறது என்று அளந்தார்கள். நான்கு நாள் கழித்து, மார்ச் 7 அன்று 107 கி.மீ. தூரத்தில் கடந்தபோதுதான் பிக்சலுக்கு 4.4 மீட்டர் அளவில் அருமையான படங்கள் வந்தன. 2013 டிசம்பர் 29 அன்று இன்னும் கிட்டே, 45 கி.மீ. தூரத்தில் போனது. அப்போது படமே எடுக்கவில்லை. அவ்வளவு கிட்டத்தில், அவ்வளவு வேகத்தில் படமெடுக்க முடியாது என்று ஐரோப்பிய விண்வெளி நிறுவனம் முன்கூட்டியே அறிவித்திருந்தது.

இதற்கும் கணக்கு இருக்கிறது. கலம் துருவப் பாதையில் வருகிறது, போபோஸ் நடுக்கோட்டுப் பாதையில் போகிறது. இரண்டும் கிட்டத்தட்டச் செங்குத்தாகச் சந்திப்பதால் ஒன்றையொன்று நொடிக்குச் சுமார் 3 கி.மீ. வேகத்தில் கடக்கின்றன. ஆயிரத்தில் ஒரு நொடி எக்ஸ்போஷர் வைத்தாலே 3 மீட்டர் நகர்ந்துவிடும். கலத்தைத் திருப்பி ஈடுகட்டலாம் என்றால், 45 கி.மீ. தூரத்தில் நொடிக்கு நான்கு பாகை அளவுக்குத் திருப்ப வேண்டும். பெரிய சூரியத் தகடுகளோடு இருக்கும் கலத்துக்கு அது ஆகிற காரியமில்லை. படத்துக்கு நல்ல தூரம் என்று ஒன்று உண்டு, இந்த மாதிரிக் கலத்துக்கு அது நூறு முதல் சில நூறு கி.மீ. வரை. அதற்கும் கிட்டே போனால் ஈர்ப்புக்கு லாபம், படத்துக்கு நஷ்டம்.

அந்த ஈர்ப்பு அளவீட்டைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. வடிவத்தைப் படங்களிலிருந்து கணக்கிட்டு, நிறையை ஈர்ப்பிலிருந்து எடுத்து, இரண்டையும் வகுத்துப் பார்த்தால் போபோஸின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.9 கிராமுக்குச் சற்றுக் குறைவு என்று வருகிறது. கெட்டிப் பாறைக்கு இது மிகக் குறைவு. உள்ளே கால்வாசி முதல் மூன்றில் ஒரு பங்கு வரை வெற்றிடம் இருக்க வேண்டும். அது ஒரு பாறைக் குவியலாக இருக்கலாம். ஒரே கலம், ஒரே வாரத்தில் ஒருநாள் ஈர்ப்பு, இன்னொரு நாள் படம் என்று பிரித்து எடுத்துக்கொள்ள முடிந்ததும் இந்தப் பாதையால்தான்.

குறை இல்லாமல் இல்லை. துருவப் பாதை நடுக்கோட்டுத் தளத்தை ஒரு சுற்றில் இரண்டே இடங்களில் வெட்டும். அந்த வெட்டும் இடம் போபோஸின் தூரத்துக்குச் சரியாக வந்தால்தான் கிட்டத்தில் சந்திக்க முடியும். செவ்வாய் நடுவில் சற்றுப் பருத்திருப்பதால் முட்டைப் பாதை மெல்லத் திரும்பிக்கொண்டே இருக்கிறது, வெட்டும் இடமும் நகர்கிறது. அதனால் கிட்டச் சந்திப்புகள் சீசன் சீசனாகத்தான் வரும், இடையில் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். டீமோஸைப் பொறுத்தவரை மார்ஸ் எக்ஸ்பிரஸும் உள்ளே இருப்பவர்தான். அதன் அருகே 9,000 கி.மீ.க்குள்கூடப் போக முடியாது.

மங்கள்யான் சொல்லித் தருவது

இந்த வகையில் நம் கலமும் உண்டு. 2013 நவம்பர் 5 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-யில் கிளம்பி, 2014 செப்டம்பர் 24 அன்று செவ்வாயை அடைந்த மங்கள்யான். அதன் பாதை 422 கி.மீ.யிலிருந்து கிட்டத்தட்ட 77,000 கி.மீ. வரை நீண்ட ராட்சத முட்டை. 1,337 கிலோ எடையில் 852 கிலோ எரிபொருளாகவே போய்விட்ட சின்னக் கலம் அது. பாதையைச் சுருக்க எரிபொருள் மிச்சமில்லை. கட்டாயத்தால் அமைந்த பாதை என்றாலும் அதற்குள் ஒரு பெரிய வரம் இருந்தது. போபோஸ், டீமோஸ் இரண்டின் பாதைக்கும் வெளியே போய்வரும் பாதை அது. செவ்வாயை ஒட்டிச் சுற்றும் கலங்களுக்குக் கிடைக்காத டீமோஸின் மறுபக்கத்தை மங்கள்யான் படமெடுத்தது.

2020 ஜூலை 1 அன்று எடுத்த போபோஸ் படத்தைப் பலர் பார்த்திருப்பீர்கள். செவ்வாயிலிருந்து 7,200 கி.மீ., போபோஸிலிருந்து 4,200 கி.மீ. தூரம். ஆறு சட்டகங்களைச் சேர்த்து, நிறம் திருத்தி வெளியிட்ட அந்தப் படத்தில் ஸ்டிக்னி தெளிவாகத் தெரிகிறது. பிக்சலுக்கு 210 மீட்டர். அதாவது போபோஸ் முழுவதும் குறுக்கே நூறு பிக்சல் சொச்சம்தான்.

இதை ஹைரைஸின் 5.8 மீட்டரோடு ஒப்பிட்டுச் சிலர் உதட்டைப் பிதுக்குகிறார்கள். அது நியாயமே இல்லை. அகமதாபாத்தில் உருவான அந்த வண்ணக் கேமராவின் எடை ஒன்றேகால் கிலோ, கலத்தின் ஐந்து கருவிகளும் சேர்ந்தே 15 கிலோ. அது செவ்வாயை அகலமாகப் பார்க்கச் செய்தது, துணைக்கோளுக்காகச் செய்ததல்ல. மங்கள்யான் அபாரமான இடத்தில் இருந்தது, கையில் இருந்ததுதான் அகலக் கண். அதே இடத்தில், அதே 4,200 கி.மீ. தூரத்தில், மார்ஸ் எக்ஸ்பிரஸின் நுண்பார்வை போன்ற ஒன்று இருந்திருந்தால் பிக்சலுக்குச் சுமார் 40 மீட்டர் கிடைத்திருக்கும். அடுத்த கலத்துக்கு இதைவிட நல்ல பாடம் வேறு வேண்டாம்.

நீண்ட முட்டைக்கு ஒரு தண்டனையும் உண்டு. ஒரு சுற்றுக்கு மூன்று நாள். அதில் பெரும்பகுதி நேரம் கலம் வெகுதூரத்தில் மெதுவாகப் போய்க்கொண்டிருக்கும், துணைக்கோள்களுக்கு அருகே வரும்போது விறுவிறுவென்று கடந்துவிடும். மார்ஸ் எக்ஸ்பிரஸ் பத்துச் சுற்று முடிக்கும் நேரத்தில் இது ஒரு சுற்று. வாய்ப்புகளின் எண்ணிக்கை அப்படியே குறைந்துவிடுகிறது. முட்டை வேண்டும், ஆனால் இவ்வளவு நீளமான முட்டை வேண்டாம்.

ஒரே பாய்ச்சல்

2025 மார்ச் 12 அன்று ஐரோப்பாவின் ஹேரா கலம், வேறொரு சிறுகோளுக்குப் போகிற வழியில், செவ்வாயின் ஈர்ப்பைத் துணைக்கு வாங்கிக்கொண்டு கடந்துபோனது. அப்போது டீமோஸின் மறுபக்கத்தை, பின்னணியில் செவ்வாய் நிறைந்திருக்க, 1,000 கி.மீ. தூரத்திலிருந்து படமெடுத்தது. மிக நெருங்கிய தூரம் சுமார் 300 கி.மீ. வழியில் கிடைக்கும் வாய்ப்பை விடாமல் பிடிப்பது மிகச் சரி, கருவிகளைச் சோதித்ததுமாயிற்று. ஆனால் துணைக்கோளை ஆராயும் வழியாக இதைத் தேர்ந்தெடுக்கவே கூடாது. ஒரு வெளிச்சம், ஒரு பக்கம், ஒரு வாய்ப்பு. ஏதாவது தவறினால் திரும்பி வர முடியாது.

எமிரேட்ஸின் ஹோப் கலத்தை இதோடு சேர்த்துவிடக் கூடாது. 2023 மார்ச் 10 அன்று டீமோஸை 100 கி.மீ. அளவில் நெருங்கிய செய்தி "பாய்ச்சல்" என்றே வெளியானது. உண்மையில் அது 20,000 முதல் 43,000 கி.மீ. வரையிலான உயரத்தில் முட்டைப் பாதையில் சுற்றுகிற கலம். அதன் கீழ்முனை டீமோஸின் பாதைக்கு அருகே வருகிறது. செவ்வாயின் வளிமண்டலத்துக்காகப் போட்ட பாதை, சற்றுத் திருத்தியதும் டீமோஸுக்கும் பயன்பட்டது. படத்தோடு அகச்சிவப்பு, புற ஊதா அளவீடுகளும் எடுத்தார்கள். டீமோஸ் எங்கிருந்தோ வந்து மாட்டிக்கொண்ட சிறுகோளைவிட, செவ்வாயின் பொருளைப் போலவே தெரிகிறது என்று அந்தக் குழு சொன்னது. டீமோஸ்தான் இலக்கு என்றால் நான் பின்பற்றச் சொல்வது இந்தப் பாதையைத்தான்.

மிகக் கிட்டே போனவர்களில் வைக்கிங்கை விட முடியாது. 1977 அக்டோபரில் வைக்கிங் 2 சுற்றுக்கலம் டீமோஸை 30 கி.மீ. தூரத்தில் கடந்து, 3 மீட்டர் அளவுள்ள பொருள்கள்வரை தெரியும் படத்தை எடுத்தது. அரை நூற்றாண்டுக்கு முந்தைய கருவி! ஆனால் அந்தப் படம் காட்டுவது ஒன்றரை கி.மீ.க்கு ஒன்றேகால் கி.மீ. அளவுள்ள ஒரு சின்னத் துண்டை. டீமோஸின் மற்ற இடங்களுக்கு அப்படி ஒரு படம் கிடையாது.

கூடவே போவது

கடைசி வழி, துணைக்கோளோடு சேர்ந்தே போவது. போபோஸைச் சுற்றிச் சாதாரணமாகச் சுற்ற முடியாது. அதன் ஈர்ப்பு அவ்வளவு பலவீனம், தரையிலிருந்து நொடிக்கு 11 மீட்டர் வேகத்தில் எறிந்த கல்லே தப்பித்துப் போய்விடும். செவ்வாய் பக்கத்திலேயே இருந்து இழுப்பதால், போபோஸின் பிடி அதன் தரைக்குச் சற்று மேலேயே முடிந்துவிடுகிறது. அதனால் கலம் செவ்வாயைத்தான் சுற்ற வேண்டும், ஆனால் போபோஸின் பாதையை ஒட்டிய பாதையில். அப்போது போபோஸிலிருந்து பார்க்கிறவருக்குக் கலம் தன்னைச் சுற்றுவதுபோலவே தோன்றும்.

சோவியத் ஒன்றியத்தின் போபோஸ் 2 இதை நோக்கித்தான் போனது. 1989 ஜனவரியில் செவ்வாயை அடைந்து, படிப்படியாக போபோஸை நெருங்கி, 37 படங்கள் அனுப்பியது. ஐம்பது மீட்டர் உயரத்துக்கு இறங்கி இரண்டு தரையிறங்கிகளைப் போடத் திட்டம். அதற்குள் மார்ச் 27 அன்று தொடர்பு அறுந்தது. இப்போது ஜப்பானின் எம்எம்எக்ஸ் அதே வேலையைக் கையில் எடுத்திருக்கிறது. 2026-ல் கிளம்பி, போபோஸோடு கூடவே போய், இறங்கி மண் எடுத்து, 2031-ல் பூமிக்குக் கொண்டுவருவது திட்டம். தொலைநோக்கிக் கேமரா, பல நிறக் கேமரா எல்லாம் இருக்கின்றன. கலத்துக்கும் போபோஸுக்கும் இடையிலான வேக வித்தியாசம் மிகக் குறைவு என்பதால் கலங்கல் பிரச்சினையே இல்லை, எந்தப் பக்கத்தையும் எந்த வெளிச்சத்திலும் பொறுமையாக எடுக்கலாம். படத்தின் தரத்தை மட்டும் பார்த்தால் இதற்குப் போட்டியே கிடையாது.

ஆனால் எரிபொருள்! போபோஸின் வேகத்துக்கும் தளத்துக்கும் ஈடுகொடுத்துப் போய்ச்சேர வேண்டும். அங்கே நிலைத்திருக்க அடிக்கடி திருத்தவும் வேண்டும். அப்புறம், அந்தக் கலம் செவ்வாயின் துருவத்தைப் பார்க்கவே பார்க்காது. கோளுக்கும் துணைக்கோளுக்கும் சேர்த்துச் சேவை செய்ய வேண்டிய கலத்துக்கு இது பொருந்தாது. மண் எடுக்கப் போகிறீர்களா, இதைத் தவிர வேறு வழியில்லை. படம்தான் நோக்கம் என்றால் இந்தச் செலவு எனக்கு அதிகமாகத் தெரிகிறது.

வெளிச்சம் என்கிற தனிக் கணக்கு

பாதைகளை ஒப்பிடும்போது பலரும் விட்டுவிடுவது சூரியன் எந்தக் கோணத்தில் அடிக்கிறது என்பதை. சூரியன் கேமராவுக்கு நேர் பின்னால் இருந்தால் நிழலே விழாது, பள்ளங்கள் தட்டையாகத் தெரியும். ஆனால் மண்ணின் நிற வேறுபாடு பளிச்சென்று எடுபடும், மேற்பரப்பு எவ்வளவு பொலபொலவென்று இருக்கிறது என்பதையும் அந்தப் பிரகாசத்திலிருந்து கணிக்கலாம். சூரியன் பக்கவாட்டில் இருந்தால் போபோஸின் மேல் கோடுகோடாக ஓடும் அந்தப் புகழ்பெற்ற பள்ளவரிகள் எழுந்து நிற்கும். அவை எப்படி உண்டாயின என்று இன்னும் வாதம் நடக்கிறது. அந்த வாதத்துக்கு ஒரே இடத்தைப் பல நிழல்களில் பார்த்த படங்கள் வேண்டும். ஒற்றைப் பாய்ச்சல் இதில் அடியோடு தோற்கிறது, தாழ்ந்த பாதை ஓரளவு தருகிறது, முட்டைப் பாதையும் கூடப்போகும் பாதையும் நிறையத் தருகின்றன.

என்றால், எதைத் தேர்வது?

தரையிறங்கும் எண்ணம் இருந்தால் கூடப்போகும் பாதை. வேறு எங்கோ போகிற கலத்துக்கு வழியில் கிடைத்தால் பாய்ச்சல், அதுவும் அந்த வாய்ப்புக்காக மட்டும். செவ்வாயைப் பார்க்கவே போகிற, எடையும் பணமும் குறைவான கலம் என்றால் முட்டைப் பாதை. இஸ்ரோ அடுத்து ஒரு சுற்றுக்கலம் அனுப்பினால் அது இந்த மூன்றாவது வகையில்தான் வரும் என்பதால், அதற்காகவே சில விவரங்களைச் சொல்கிறேன்.

மேல்முனை 77,000 கி.மீ. வேண்டாம். போபோஸ் போதும் என்றால் 10,000 கி.மீ. சுற்றுவட்டாரத்தில் வைக்கலாம். டீமோஸும் வேண்டும் என்றால் 20,000 கி.மீ.யைச் சற்றுத் தாண்ட வேண்டும், அதற்குமேல் நீட்டுவதில் லாபமில்லை. மேல்முனையை இறக்குவதற்குத்தான் எரிபொருள் செலவாகும். மங்கள்யானால் முடியாதது அதுதான். அதனால் பிஎஸ்எல்வி-யைவிடப் பெரிய ராக்கெட் இந்தத் திட்டத்துக்குக் கட்டாயம்.

கேமரா இரண்டு வேண்டும். அகலக் கண் செவ்வாய்க்கு. நுண்கண் ஒன்று, 1,000 கி.மீ. தூரத்தில் பிக்சலுக்கு 10 மீட்டர் பார்ப்பதுபோல். 2,048 பிக்சல் சதுரச் சென்சார் வைத்தால் அந்தத் தூரத்தில் 20 கி.மீ. அகலம் கிடைக்கும், போபோஸ் ஏறக்குறைய முழுவதும் அடங்கும். 300 கி.மீ.க்கு வந்தால் பிக்சலுக்கு 3 மீட்டர். மங்கலான நட்சத்திரமும் பதியும் அளவுக்கு நீண்ட எக்ஸ்போஷர் வைக்கும் வசதி அதில் இருக்க வேண்டும். இடத்தைத் திருத்த அது இல்லாமல் முடியாது.

துணைக்கோள் படங்களைக் கூடுதல் வேலையாகக் கருதித் திட்டத்தின் கடைசிக் காலத்துக்குத் தள்ளவும் கூடாது. மங்கள்யானின் நல்ல போபோஸ் படம் வந்தது கலம் போய்ச்சேர்ந்த ஆறாவது ஆண்டில், 2022 ஏப்ரலில் தொடர்பே போய்விட்டது. கிட்டச் சந்திப்புகள் சீசனாக வருபவை என்பதால் எந்த மாதத்தில் எந்தத் தூரத்தில் போபோஸ் கிடைக்கும் என்று கலம் கிளம்பும் முன்பே அட்டவணை போட்டுவிட முடியும். முதல் சீசனில் தூரத்திலிருந்து நட்சத்திரத்தோடு எடுத்து இடத்தைத் திருத்துவது, அடுத்த சீசனில் 300 கி.மீ.க்கு இறங்குவது என்று முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் வைத்துக்கொண்டால், கலம் எத்தனை ஆண்டு உயிரோடு இருந்தாலும் போபோஸின் இரண்டு பக்கமும் கையில் இருக்கும்.